கதவு நிலையில் எண்ணெய்க் கை

நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் கதவு நிலையில், நுழையும்போது வலது பக்கம், என் தலை உயரத்துக்கு ஒரு கை படிந்திருந்தது. ஐந்து விரலும் தெளிவாகத் தெரிந்தது என்று சொல்ல மாட்டேன். உள்ளங்கையும் இரண்டு மூன்று விரல்களும் தெரியும். அந்த இடத்தில் மட்டும் மரம் கறுத்து மினுமினுத்துக் கிடக்கும். அது மெம்பரண்ணனின் கை.

அவர் பெயரை எழுதப் போவதில்லை. அவருடைய பிள்ளைகள் இன்னும் பாறசாலைப் பக்கத்தில்தான் இருக்கிறார்கள். அப்பாவைப் பற்றி அவர்களுக்கு எது தெரியும், எது தெரியாது என்று எனக்குத் தெரியாது. பஞ்சாயத்தில் அவர் மெம்பர், ஊருக்கெல்லாம் அண்ணன், அதனால் மெம்பரண்ணன். கொப்பரை வாங்கிச் செக்கில் ஆட்டி எண்ணெய் விற்பது தொழில். எத்தனை முறை கழுவினாலும் அந்தக் கையில் எண்ணெய் இருக்கும். அவர் குடைப்பிடியில், வேட்டி நுனியில், கையெழுத்துப் போட்ட காகிதத்தில் எல்லாம் ஒரு எண்ணெய்ப் பொட்டு பார்க்கலாம்.

எனக்குக் கல்யாணமான புதிது. என் கணவருக்குத் தனுவச்சபுரத்தில் ஒரு பள்ளியில் தமிழ் வாத்தியார் வேலை கிடைத்திருந்தது. ரயில்வே கேட்டுக்கு அப்பால் ஒரு லைன் வீடு காலியாக இருக்கிறது என்றார்கள். ஒரே கூரைக்குக் கீழே நாலு வீடு. வீட்டுக்காரர் பிள்ளைமார் வகுப்பு, மகாராஜா காலத்தில் சர்க்கார் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களை மேலும் கீழும் பார்த்தார். குழித்துறையிலிருந்து வருகிறோம் என்றதும், "ஆளறியாத்த ஆளுக்கு எப்பிடி வீடு குடுக்கியது?" என்று கதவைப் பாதி சாத்தினார்.

அந்த ஊரில் வாடகைச் சீட்டு என்று ஒன்று கிடையாது. ஊர்க்காரர் ஒருவர் வந்து "நான் பொறுப்பு" என்று சொன்னால் வீடு கிடைக்கும், சொல்லாவிட்டால் கிடைக்காது. சாயாக்கடைக்காரர்தான் மெம்பரண்ணனுக்கு ஆள் அனுப்பினார். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேகமாக வந்தார். எங்களை அதற்கு முன் அவர் பார்த்ததில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"தமிழு படிப்பிக்கிய சாராக்கும், இல்லியா?"

"ஆமாம்" என்றார் என் கணவர்.

அவ்வளவுதான். வலது கையைத் தூக்கிக் கதவு நிலையில் பட்டென்று வைத்தார். "அண்ணாச்சி, இவியளுக்கு நான் ஆக்கும் பொறுப்பு." வீட்டுக்காரர் சாவியை எடுத்துக் கொடுத்துவிட்டார். என் கணவரை ஊர் 'சாரு' என்று கூப்பிட்டது, நான் 'சாரம்மா' ஆனேன். கதவு நிலையில் எண்ணெய் காயவே இல்லை. அவர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், "சுகந்தானே மக்கா?" என்று கேட்டு அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டு நின்று பேசுவார்.

பொறுப்பு ஏற்காவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. வீட்டுக்கு, கல்யாணத்துக்கு, கிணறு வெட்ட வருகிற ஆளுக்கு, எல்லாவற்றுக்கும் ஏற்பார். ஒருமுறை காஞ்சிரங்குளத்திலிருந்து வந்த ஒரு மாட்டுக்குப் பொறுப்பு ஏற்றார். நன்றாகக் கறக்கும் என்று இவர் சொன்னதை நம்பி ஒருவர் வாங்கிக்கொண்டு போனார். மாடு பால் தரவில்லை, உதைதான் தந்தது. இவர் ஒரு வார்த்தை பேசாமல் தன் வீட்டுக் கறவையை அவருக்குக் கொடுத்துவிட்டு, அந்த உதைகாலியைக் கூட்டிவந்து தன் முற்றத்தில் கட்டினார். அது வருஷக்கணக்கில் புண்ணாக்கு தின்று கொழுத்தது.

"இவரு பொறுப்புண்ணு சொல்லீட்டு போயிருவாரு. உதை வாங்கியது நானாக்கும்" என்று அவர் மனைவி என்னிடம் சிரித்துக்கொண்டே காலைக் காட்டினாள். மாட்டின் குளம்படி கணுக்காலில் நீலமாக இருந்தது.

எனக்கு அவரைப் பிடித்துப்போனதற்கு அந்த மாடுதான் காரணம். சொன்ன சொல்லைக் கொண்டுவந்து முற்றத்தில் கட்டிப் போட்ட மனிதரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

அது எல்லைச் சண்டைக் காலம். மலையாளச் சர்க்காருக்குக் கீழே இருந்த தமிழ் பேசுகிற தாலுக்காக்கள் எல்லாம் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று கூட்டமும் ஊர்வலமும் மறியலுமாக இருந்தது. பந்தம் பிடித்துப் போகிற ஊர்வலத்துக்கெல்லாம் மெம்பரண்ணன் எண்ணெய் தருவார். என் கணவர் நோட்டீஸ் எழுதித் தருவார். நான் சுவரில் ஒட்டப் பசை காய்ச்சித் தருவேன். எங்கள் வீட்டுக்காரர் நாற்காலி தருவார், தலைவர்கள் வந்தால் சாப்பாடு போடுவார். அதனால் அவரை யாரும் எதற்கும் ஒரு சொல் கேட்பதில்லை.

எங்களுக்குச் சுவர் ஒட்டிய வீட்டில் சொர்ணம் இருந்தாள். என் வயதுதான் இருக்கும், இரண்டு பெண்பிள்ளைகள். புருஷன் மலைத்தோட்டத்துக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். விடியற்காலையில் இடியப்பம் அவித்துச் சாயாக்கடைக்குக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தாள். அந்த அடுப்புப் புகை வீட்டுக்காரருக்குப் பிடிக்காது. மாதத்துக்கு ஒரு தடவை வந்து முற்றத்தில் நின்று, "சுவரு கறுத்துப் போச்சு. வீட்ட ஒழிஞ்சு குடு பிள்ளே" என்பார். அவள் பெரியவளை எண்ணெய்க்கடைக்கு ஓட்டுவாள். மெம்பரண்ணன் வருவார், அவள் வீட்டு நிலையில் கையை வைப்பார், "நான் பொறுப்பு அண்ணாச்சி" என்பார். வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே போவார். அதனால் எங்கள் நிலையைவிட அவள் வீட்டு நிலையில் அந்தக் கை அதிகமாகக் கறுத்திருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பஞ்சாயத்தில் வாடகை வீடுகளைப் பற்றி ஒரு தீர்மானம் வந்தது. கொண்டுவந்தது ஒரு இளம் மெம்பர், மலையாளம் பேசுகிறவர். வீடு வாடகைக்கு விடுகிறவர்கள் எல்லாம் பஞ்சாயத்தில் பதிவு செய்ய வேண்டும், யார் குடியிருக்கிறார்கள் என்று எழுதி வைக்க வேண்டும், பஞ்சாயத்துக்கு அறிவிக்காமல் யாரையும் வீட்டை விட்டு இறக்கிவிடக் கூடாது. இவ்வளவுதான். மெம்பரண்ணனுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. சொர்ணத்திடம் வந்து, "நீ பயப்படாத. நான் கை தூக்கிப் பாஸாக்கித் தாறேன். பிறகு உன்னைய ஒருத்தனும் இந்த வீட்ட விட்டு அனக்க முடியாது" என்றார்.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் நானும் சொர்ணமும் போனோம். பஞ்சாயத்து ஆபீசே எங்கள் வீட்டுக்காரர் வாடகைக்கு விட்டிருந்த கட்டடம்தான். உள்ளே ஆண்கள் நிறைந்திருந்தார்கள். நாங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்றோம். சொர்ணத்தின் இடுப்பில் சின்னவள் இருந்தாள். வீட்டுக்காரர் முன்பெஞ்சில் விசிறியோடு உட்கார்ந்திருந்தார்.

இளம் மெம்பர் எழுந்து பேசினார். "வாடகக்காரனும் மனுஷ்யனாணு. ராத்திரி பாத்திரம் எடுத்து வெளியில் எறிஞ்ஞால் அவன் எவிடே போகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. சிலர் தலையாட்டினார்கள்.

உடனே தமிழ்ப் பக்கத்து மெம்பர் ஒருவர் எழுந்தார். "பதிவு எந்த மொழியில எழுதுவிய?"

"சர்க்கார் பாஷ. மலையாளம்."

"கேட்டேளா! நாளைக்கு எல்லை பிரிக்க வரக்கூடியவன் இந்தப் பதிவத்தான் எடுத்துப் பாப்பான். மலையாளத்துல பேரு எழுதினவன் எல்லாம் மலையாளிண்ணு கணக்கு வச்சிருவான். இது வீட்டுப் பதிவு இல்ல, நம்மள விழுங்கக்கூடிய வேலையாக்கும்!"

கூட்டம் சூடாகிவிட்டது. ஆளாளுக்குக் கத்தினார்கள். வீட்டுக்காரர் விசிறியை நிறுத்தி மெதுவாகச் சொன்னார், "வீடு வச்சிருக்கிய நாங்க எல்லாரும் தமிழு ஆட்களாக்கும். இயக்கத்துக்கு வேண்டி எவ்வளவு செய்யியோம். எங்க கழுத்துலயா கயிறு போடப் போறிய?" இளம் மெம்பர், "தமிழிலும் எழுதாமல்லோ" என்று, தமிழிலும் எழுதலாமே என்ற அர்த்தத்தில் சொல்லிப் பார்த்தார். அந்தச் சத்தத்தில் யாரும் அதைக் காதில் வாங்கவில்லை.

இரண்டு பக்கமும் சமமாக நின்றது. எல்லோரும் மெம்பரண்ணனைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். ஜன்னல் பக்கம் எங்களைப் பார்த்தார், வீட்டுக்காரரைப் பார்த்தார், மறுபடி எங்களைப் பார்த்தார். முகம் வேர்த்திருந்தது.

"மெம்பரு சொல்லியதுல நியாயம் உண்டு. நான் இல்லேண்ணு சொல்லேல்ல. ஆனா இப்போ வேண்டாம். எல்லை தீரட்டு. தமிழ்நாட்டோட சேந்த பிறகு நாமளே தமிழுல எழுதுவோம். அது வரைக்கும்..." என்று நிறுத்தினார். நடந்து போய் ஆபீஸ் கதவு நிலையில் கையை வைத்தார். "அது வரைக்கும் இந்தப் பஞ்சாயத்துல ஒரு குடியையும் எவனும் இறக்க மாட்டான். நான் ஆக்கும் பொறுப்பு!"

அப்படி ஒரு கைதட்டலை அந்தக் கட்டடம் கேட்டிருக்காது. வீட்டுக்காரரும் தட்டினார். தீர்மானம் தள்ளிப்போயிற்று. ஜன்னலுக்கு வெளியே நின்ற நானும் தட்டினேன், என் உள்ளங்கை சிவந்துபோனது. சொர்ணம் தட்டவில்லை. இடுப்பில் குழந்தை இருந்ததால் கை ஒழியவில்லை என்று நினைத்தேன்.

வீட்டுக்கு நடந்து வரும்போது, "இனி உனக்கு என்ன பயம்? அண்ணனே சொல்லியாச்சு" என்றேன்.

"ஓ, அண்ணன் நல்லவராக்கும் சாரம்மா" என்றாள்.

அன்று முதல் அவளிடம் ஒரு புதுப் பழக்கம் கண்டேன். சாயங்காலம் அடுப்படி வேலை முடிந்ததும் தேங்காய்ச் சகிரி நாரைச் சாம்பலில் தொட்டு வீட்டு நிலையைத் தேய்ப்பாள். கொஞ்ச நேரம்தான், பிறகு ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போய்விடுவாள். "என்ன சொர்ணம், உனக்கு எல்லா நாளும் வெள்ளிக்கிழமையா?" என்று கேலி செய்தேன். "புகைக் கறை. வீட்டுக்காரரு சத்தம் போடுவாரு" என்றாள். அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டு நான் அதற்குமேல் அதை யோசிக்கவில்லை.

மெம்பரண்ணன் அந்த நாட்களில் பூரித்துப்போயிருந்தார். தெருவில் பார்க்கிற வாடகைக்காரர்களிடமெல்லாம், "ஒருத்தனாவது உங்கள அனக்கினானா? இல்லியே!" என்பார். உண்மையில் யாரும் யாரையும் இறக்கவில்லை. எனக்குக்கூட, பதிவும் கிதிவும் எதற்கு, இப்படி ஒரு மனிதர் போதுமே என்று தோன்றியது.

பிறகு தெற்கேயிருந்து இயக்கத்துக்குத் தொண்டர்கள் வரத் தொடங்கினார்கள். அவர்களுக்குத் தங்க இடம் வேண்டும், எங்கள் பக்கத்துக்கு ஒரு ஆபீஸ் வேண்டும். எங்கள் வீட்டுக்காரர் ஒரு கூட்டத்தில் எழுந்து, தன் லைன் வீட்டில் ஒன்றை வாடகை இல்லாமல் தருவதாகச் சொன்னார். அங்கேயும் கைதட்டல். எந்த வீடு என்று யாரும் கேட்கவில்லை.

எங்கள் வீடாகவும் இருந்திருக்கலாம். நாங்கள் அவளுக்குப் பிறகு குடிவந்தவர்கள். ஆனால் நோட்டீஸ் எழுதுகிற சாரை இறக்க முடியுமா? புருஷன் இல்லாதவள் வீடுதான் சுலபம். மறுநாள் காலையில் வீட்டுக்காரர் இரண்டு ஆட்களோடு வந்தார். இடியப்பச் செம்பும் உரலும் பாயும் முற்றத்துக்கு வந்தன. பெரியவள் எண்ணெய்க்கடைக்கு ஓடினாள்.

மெம்பரண்ணன் ஓடி வந்தார், குடைகூட எடுக்கவில்லை. "அண்ணாச்சி, நான் பொறுப்பு சொன்ன வீடாக்கும்" என்று கையைத் தூக்கினார்.

"அதுக்கு யாரு இல்லேண்ணா? எனக்கா கேக்கேன்? தமிழுக்காக்கும் கேக்கேன். எல்லை தீரட்டுண்ணு அன்னைக்கு எல்லாரு முன்னயும் சொன்னது நீருதானே? தீக்கியதுக்கு ஆபீஸ் வேண்டாமா? வேண்டாம்ணு நீரு சொல்லும், இப்பமே சாவிய அவளுக்கிட்ட குடுக்கேன்."

தொண்டர்கள் இரண்டு பேர் பெட்டியோடு தெருவில் நின்றார்கள். மெம்பரண்ணன் அவர்களைப் பார்த்தார். தூக்கின கை பாதியில் நின்றது. சொல்லியிருந்தால் நடந்திருக்கும். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அந்த ஊரில் அதை மீற ஆள் கிடையாது. ஆனால் தமிழுக்கு வீடு வேண்டாம் என்று சொல்ல அவரால் முடியவில்லை. என் கணவரும் என் பக்கத்தில்தான் நின்றார். அவராலும் முடியவில்லை.

சொர்ணம் அழவில்லை, சண்டை போடவில்லை. வீட்டைப் பெருக்கினாள். அடுப்புச் சாம்பலை அள்ளி வெளியே கொட்டினாள். வாடகை வீட்டை ஒழிகிறவர்கள் அழுக்கோடு விட்டுப் போகக் கூடாது என்பது அந்தப் பக்கத்து வழக்கம். கடைசியாக ஈரத்துணியை எடுத்துக் கதவு நிலையை ஒரு துடை துடைத்தாள். அவர் கை இருந்த இடம் வெள்ளை மரமாக இருந்தது. மெம்பரண்ணன் அதைப் பார்த்தபடியே நின்றார்.

"எனக்க செக்குப்புரை உண்டு. பிள்ளையளக் கூட்டீட்டு அங்க வந்து இரு மக்களே" என்றார் மெதுவாக.

"வேண்டாம் அண்ணா. காஞ்சிரங்குளத்துல சித்தி உண்டு. போயிட்டு வாறேன்" என்றாள். போனாள். வரவில்லை.

அவள் வீட்டின்மேல் இயக்கத்தின் பெயர் எழுதிய தகரப் பலகை ஏறியது. சுவருக்கு அந்தப் பக்கம் இடியப்பம் அவிகிற வாசனை நின்று, பீடிப் புகையும் பேச்சும் வரத் தொடங்கின. நான் அவர்களுக்கும் பசை காய்ச்சிக் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அந்த வாசலில் கால் வைக்கும்போது, இது எங்களுக்குப் பதிலாகப் பறித்த வீடு என்று மனது குத்தும். குத்தினாலும் பசையைக் கொடுத்துவிட்டுத்தான் திரும்புவேன்.

மெம்பரண்ணன் மாறிப்போனார். பொறுப்பு என்ற சொல்லை அதன் பிறகு அவர் வாயில் நான் கேட்கவில்லை. யாராவது வீடு கேட்டு வந்தால், "வேற ஆளப் பாருங்க மக்கா" என்பார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் முற்றத்தில், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். உள்ளே கூப்பிட்டால், "கையில எண்ணெய்" என்பார், என்னவோ அன்றைக்குத்தான் முதன்முதலாக எண்ணெய் பட்டது மாதிரி. செக்குப்புரையின் ஒரு பக்கத்தை வெள்ளையடித்து, அடுப்பு போட்டு, காலியாக வைத்திருந்தார். காஞ்சிரங்குளத்துக்குப் பலமுறை போய்வந்தார். கடற்கரைப் பக்கம் போய்விட்டாள் என்றார்கள், பிறகு மலைக்குப் போய்விட்டாள் என்றார்கள். ஆள் கிடைக்கவில்லை.

கடைசியில் எல்லை தீர்ந்தது. தெற்கே நாலு தாலுக்கா தமிழ்நாட்டுக்குப் போனது. எங்கள் நெய்யாற்றின்கரைத் தாலுக்கா போகவில்லை. செய்தி வந்த அன்று என் கணவர் சாப்பிடவில்லை. தெருவில் பெரிய மனிதர்கள் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். மெம்பரண்ணன் மட்டும் நேராக எங்கள் வீட்டுக்காரரிடம் போனார்.

"எல்லை தீந்தாச்சு அண்ணாச்சி. அவளுக்க வீட்டக் குடும்."

"எவளுக்க வீடு?" என்று கேட்டார் வீட்டுக்காரர். பொய்யாகக் கேட்டதாகத் தெரியவில்லை. அவருக்கு நிஜமாகவே மறந்துபோயிருந்தது. தகரப் பலகை இறங்கி, அந்த வீட்டில் வேறு யாரோ வந்துவிட்டார்கள்.

கொஞ்ச காலத்தில் என் கணவருக்குத் தெற்கே வேலை கிடைத்தது. நாங்கள் புறப்பட்ட அன்று மெம்பரண்ணன் சாமான் ஏற்ற வந்தார். வண்டி வாசலில் நின்றது. நான் வீட்டைப் பெருக்கிக் கழுவிவிட்டு, வழக்கப்படி நிலையையும் துடைத்துவிடலாம் என்று சகிரியும் சாம்பலும் எடுத்தேன். தேய்த்தேன். அந்தக் கறுப்பு அசையவில்லை. இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

"இஞ்ச குடு மக்கா. எனக்க கையாக்கும் அது" என்று அவர் வாங்கிக்கொண்டார்.

அவர் தேய்த்தார். செக்கு ஆட்டின கை, பலத்துக்குக் குறைவில்லை. நெற்றி வேர்வை சாம்பலில் சொட்டியது. எண்ணெய் மரத்துக்குள் இறங்கிப்போயிருந்தது. வண்டிக்காரர் இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டார். இத்தனைக்கும் அவள் வீட்டு நிலையில் இருந்ததில் பாதிக் கறுப்புகூட எங்களுடையதில் இல்லை.

அவர் தேய்ப்பதை நிறுத்தினார். பக்கத்து வீட்டு நிலையைப் பார்த்தார். அங்கே வெறும் மரம். என்னைப் பார்த்தார்.

"இது ஒரு நாளு வேலை இல்லியே மக்கா. அன்னைக்கு அவ ஒரு துடைதானே துடைச்சா? எப்பிடிப் போச்சு?"

எனக்கு அப்போதுதான் விளங்கியது. சாயங்காலம் சாயங்காலம் அவள் தேய்த்தது புகைக் கறையை இல்லை. சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் வரவில்லை. "அந்தப் பஞ்சாயத்துக் கூட்டம் முடிஞ்ச அன்னைக்கே தொடங்கிட்டா அண்ணா. தினமும் கொஞ்சம் கொஞ்சமாத் தேய்ப்பா" என்றேன்.

அவர் நிலையைப் பிடிக்கக் கையை நீட்டி, பிடிக்காமல், அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னைய நம்பிக் கெட்டாளேண்ணு நெனச்சாக்கும் இத்தன காலம் அழுதேன்" என்றார். "அவ நம்பவே இல்லியா?"

வண்டிக்காரர் மறுபடியும் கூப்பிட்டார். நான் ஏறி உட்கார்ந்தேன். அத்தனை பேர் தட்டின அந்தக் கூட்டத்தில் கை தட்டாதவள் அவள் ஒருத்திதான் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.